மெஷினை நிறுத்தியவரிடம் முதலில் என்ன கேட்கிறீர்கள்?

உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். "எங்க ஆளுங்க எதையும் முன்னாடியே சொல்ல மாட்டேங்கிறாங்க சார்" என்று முதலாளிகள் குறைபட்டுக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். முன்பு சொன்னவர்களுக்கு அங்கே என்ன மரியாதை கிடைத்தது என்று விசாரித்தாலே பெரும்பாலும் காரணம் புரிந்துவிடும்.

இரவு ஷிப்ட். லேத்தில் நிற்கும் தம்பி சோதித்துப் பார்க்கிறார். துளை அளவு மீறியிருக்கிறதா என்று காட்டும் நோ-கோ கேஜ் பீஸின் துளைக்குள் போய்விடுகிறது. போகவே கூடாது. போனால் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். மெஷினை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறார். வந்தவர் "யாரைக் கேட்டு நிறுத்தின?" என்று ஆரம்பித்தால், அடுத்த முறை தம்பி அந்த கேஜைக் கையிலேயே எடுக்க மாட்டார், செக் ஷீட்டில் மட்டும் 'ஓகே' விழும். "நல்லவேளை பார்த்தப்பா. கடைசியா எந்தப் பீஸ் சரியா இருந்துச்சு?" என்று கேட்டால், அதற்குப் பிறகு ஓடியதை மட்டும் பிரித்துவைத்துச் சோதித்தால் போதும். சந்தேகப் பீஸ் எதுவும் வண்டி ஏறாது.

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982-ல் மூடப்பட்டது. ஆட்கள் சொல்லாமல் லீவு போடுவது, நிர்வாகத்தோடு ஓயாத சண்டை, மோசமான தரம் என்று பெயர் கெட்டுப்போன இடம். 1984-ல் டொயோட்டாவும் ஜிஎம்மும் சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் அதைத் திறந்தபோது, உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள்தான். சங்கமும் அதேதான். சில ஆண்டுகளிலேயே ஜிஎம்மின் மற்ற ஆலைகளைத் தரத்தில் முந்தினார்கள். மாறியவற்றில் முக்கியமானது, லைன் நெடுகக் கட்டிய 'ஆண்டான்' என்ற எச்சரிக்கைக் கயிறு. கோளாறைக் கண்ட யாரும் இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் உடனே வந்து கைகொடுப்பார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும்.

நம் ஊரில் பல கம்பெனிகள் அந்த விளக்கை மட்டும் வாங்கி மாட்டிவிடுகின்றன. ஓடி வரும் டீம் லீடர்தான் அந்த முறையின் உயிர். அவர் இல்லாவிட்டால் விளக்கு வீண்செலவு.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். ஒற்றுமையாக, நன்றாக நடக்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல, நடந்ததை மறைக்காமல் சொன்னவர்கள் என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். 'இந்த மாதம் ஒரு புகார்கூட இல்லை' என்று ஒரு பிரிவுக்குக் கேடயம் கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

எனக்கு அதிகக் கவலை ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றித்தான். வாயைத் திறந்தால் நாளைக்கு கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆகவே வாய்ச்சொல் போதாது. கேஜ் சோதனையில் பீஸ் தவறியதால் மெஷின் நின்ற நேரத்துக்கு இன்சென்டிவ் பிடிக்கப்படாது, நிறுத்தியவர் மேல் நடவடிக்கை கிடையாது என்று எழுதி, மேலாளர் கையெழுத்தோடு மெஷின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் ஒட்டுங்கள்.