இரண்டு நாட்டுக் கணக்கு, ஒரே சரக்கு

எல்லை தாண்டும் சரக்கு இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது. அனுப்பும் நாடு அதை ஏற்றுமதி என்று எழுதுகிறது, வாங்கும் நாடு இறக்குமதி என்று எழுதுகிறது. வரி ஏய்ப்பவர் பெரும்பாலும் வரி கேட்கும் பக்கத்தில்தான் பொய் சொல்வார். மறுபக்கத்து ஏட்டில் உண்மை அப்படியே கிடக்கும்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் யோசனை பழையது. 1964-லேயே பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி துருக்கியின் இறக்குமதியை இப்படி ஆராய்ந்தார். இன்று ஐ.நா.வின் காம்ட்ரேட் தரவுத்தளத்தில் நாடு வாரியாக, சரக்கு வாரியாக இந்தக் கணக்குகள் கிடைக்கின்றன.

ஆனால் கணக்கு உதைத்தாலே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. இறக்குமதி மதிப்பில் பெரும்பாலும் கப்பல் கூலியும் காப்பீடும் சேரும், ஏற்றுமதி மதிப்பில் பொதுவாகச் சேராது. டிசம்பரில் கிளம்பிய சரக்கு ஜனவரியில் வந்து இறங்கினால் ஆண்டே மாறிவிடும்.

சரி, நேர்மையான வித்தியாசத்தையும் மோசடியையும் எப்படிப் பிரிப்பது? வரி விகிதத்தை வைத்துத்தான். கப்பல் தாமதமாவதற்கும் வரிக்கும் சம்பந்தமில்லை. வரி ஏற ஏற இடைவெளியும் ஏறினால், அங்கே யாரோ கணக்கு பார்த்துப் பொய் சொல்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் ரேமண்ட் ஃபிஸ்மனும் ஷாங்-ஜின் வெய்யும் ஹாங்காங்கிலிருந்து சீனாவுக்குப் போன சரக்குகளை இப்படி அலசி 2004-ல் வெளியிட்டார்கள். வரி ஒரு சதவீதப் புள்ளி கூடினால் ஏய்ப்பு சுமார் 3 சதவீதம் கூடியிருந்தது!

எப்படி ஏய்த்தார்கள் என்பதும் தெரிந்தது. ஒரு சரக்கை ஒத்த இன்னொரு சரக்குக்கு வரி குறைவாக இருந்த இடங்களில் இடைவெளி பெரிதாக இருந்தது. அதாவது, அதிக வரிச் சரக்கின் ஒரு பகுதி குறைந்த வரிச் சரக்கின் பெயரில் உள்ளே போயிருக்கிறது. யாரையும் பின்தொடராமல், ஒரு கன்டெய்னரைக்கூடத் திறக்காமல் இவ்வளவும் தெரியவந்தது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

பழங்கலைப் பொருட்களில் கதை தலைகீழ். பல நாடுகள் அவற்றை வெளியே அனுப்பத் தடை போடுகின்றன, அமெரிக்காவிலோ 2009 வாக்கில் அவற்றுக்கு இறக்குமதி வரி இருக்கவில்லை. அதனால் பொய் அனுப்பும் பக்கத்துக்கு இடம் மாறுகிறது. அதே இருவர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கா பதிவு செய்த இறக்குமதிக்கும் அனுப்பிய நாடுகள் காட்டிய ஏற்றுமதிக்கும் இருந்த இடைவெளி, ஊழல் மிகுந்த நாடுகளில்தான் பெரிதாக இருந்தது. அங்கே கிளம்பும்போது எந்த ஏட்டிலும் ஏறாத பொருட்கள், அமெரிக்கத் துறைமுகத்தில் முறைப்படி பதிவாகியிருந்தன.