காக்பிட்டில் சாடையாகப் பேசினால் என்ன ஆகும்?

1999 டிசம்பர் 22. லண்டன் அருகே ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து கொரியன் ஏரின் 747 சரக்கு விமானம் இருட்டில் கிளம்பியது. சாய்வைக் காட்டும் கருவி கேப்டன் பக்கத்தில் பழுது. இடப்புறம் திரும்பும்போது சாய்வு ஏறிக்கொண்டே போனது. அவர் கருவியோ இறக்கைகள் சமமாக இருப்பதாகவே காட்டியது. இரு பக்கக் கருவிகளும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கை மணி திரும்பத் திரும்ப அடித்தது. ஃபிளைட் இன்ஜினியர் சாய்வைச் சொல்லிக் குரல் கொடுத்தார். சரியான கருவி துணை விமானியின் கண்ணெதிரே இருந்தது. அவர் வாய் திறக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் விமானம் ஏறக்குறைய 90 டிகிரி சாய்ந்து தரையில் மோதியது. நான்கு பேரும் இறந்தார்கள்.

இதை மூத்தவரை எதிர்த்துப் பேசாத கொரியப் பண்பாட்டின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்த 1977 விபத்தில், எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகம் எழுப்பியவர் டச்சு ஃபிளைட் இன்ஜினியர். கேட்டார், கேப்டன் தட்டிக்கழித்தார், அதோடு விட்டுவிட்டார்.

பணியில் கீழே இருப்பவர் கட்டளையாகப் பேசமாட்டார். "வேகம் கொஞ்சம் அதிகமோ?" என்பார். வேலையில் மூழ்கியிருக்கும் காதில் அது ஏறாது. நிமிடத்துக்கு 700 அடி இறங்கும் விமானத்துக்கு, 500 அடி உயரத்தில் மிச்சமிருப்பது சுமார் 40 விநாடி. தயங்கித் தயங்கி இரண்டு முறை கேட்பதற்குள் அதில் பாதி போய்விடும்.

1978இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், சக்கரக் கோளாறில் கேப்டன் மூழ்கியிருக்க, எரிபொருள் தீர்ந்து யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் விழுந்தது. அதன்பிறகுதான் 1981இல் அந்த நிறுவனம் விமானிகள் சேர்ந்து பேசி முடிவெடுக்கும் பயிற்சியைத் தொடங்கியது. இன்று பேச வேண்டிய சொல்லே முன்கூட்டி எழுதப்பட்டிருக்கிறது. வேகம் வரம்பு மீறினால் "ஸ்பீட்", இறக்கம் கூடினால் "சிங்க் ரேட்". மரியாதைச் சொல் எதுவும் ஒட்டாது. பல நிறுவனங்களில் இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லையென்றால், "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று, ஓட்டாமல் கண்காணிக்கும் விமானியே விமானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடினமான பகுதி அதுதான். 2010 மே 22, மங்களூரில் இறங்கும்போது துணை விமானி "கோ அரவுண்ட்" (இறங்காமல் மறுபடி மேலேறு) என்று மூன்று முறை சொன்னார், கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரை தொட்டது. 158 பேர் இறந்தார்கள். சொல்லைப் பழக்கினால் போதாது, கையையும் பழக்க வேண்டும். அதைச் சிமுலேட்டரில் கேப்டனே வேண்டுமென்று தப்புச் செய்துதான் பழக்க முடியும்.

சில நிறுவனங்கள் விஷயத்தையே திருப்பிப் போட்டுவிட்டன. பார்வை மங்கலான வானிலையில் ஓடுபாதை தெரியும்வரை துணை விமானி ஓட்டுவார், கேப்டன் கண்காணிப்பார். இளையவரைத் திருத்த எந்த மூத்தவரும் தயங்குவதில்லையே!