பிரசவத்துக்குப் பிறகு மனநல சிகிச்சை: யார் கையெழுத்து வேண்டும், குழந்தையை யார் பிரிக்கலாம்?

"வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும், அப்புறம் அட்மிஷன் பார்க்கலாம்." பிள்ளை பெற்ற சில வாரங்களில் மனம் உடைந்து, தானாகவே சிகிச்சை கேட்டு வந்த பெண்ணை இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது.

2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதற்கு அடிப்படை. அதன் 86-வது பிரிவுப்படி, தன் நிலைமை தனக்குப் புரிகிற, 18 வயது நிரம்பிய எவரும், சேர்க்க வேண்டிய நிலைதான் என்று மருத்துவர் கருதினால், தாமே கேட்டு உள்நோயாளியாகச் சேரலாம். கணவர், மாமியார் யாருடைய சம்மதமும் வேண்டாம். கூட ஆள் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. கவுன்ட்டரில் மறுத்தால் பிரிவு எண்ணைச் சொல்லி, மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறிவிடும்.

முடிவெடுக்க முடியாத நிலையில் இருக்கும்போதுதான் இன்னொருவர் கையெழுத்துக்கு வேலை. அவரைச் சட்டம் 'நியமனப் பிரதிநிதி' என்கிறது. நீங்கள் யாரையும் எழுதி வைக்காவிட்டால் அந்த இடம் உறவினருக்குப் போகும். நடைமுறையில் அது கணவர்தான், அடிக்கிற கணவராக இருந்தாலும். உங்கள் சிகிச்சை விவரமும் அவர் கைக்குப் போகும். அதனால் முதல் பிரசவத்தில் மனநிலை பாதித்தவர்களும், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்ப காலத்திலேயே ஒரு வெள்ளைத் தாளில் அம்மா பெயரையோ அக்கா பெயரையோ எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிடுங்கள். 14-வது பிரிவுக்கு அதுவே போதும். முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் தேவையில்லை. நீங்கள் பெயர் எழுதியவரும் சம்மதம் என்று எழுதித் தர வேண்டும். தாளை உங்கள் பிரசவ ஃபைலிலேயே வையுங்கள்.

அடுத்தது குழந்தை. "இங்கே கைக்குழந்தையை வைக்க முடியாது, வீட்டுக்கு அனுப்புங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். குழந்தை மாமியார் வீட்டில் புட்டிப்பாலில் இருக்க, பால் கட்டி நெஞ்சு கல்லாகி, காய்ச்சலோடு வார்டில் கிடந்த பெண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்த வரியின் கொடுமை தெரியும். 21-வது பிரிவு சொல்வது இது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று சிகிச்சை தரும் மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அந்த முடிவு வார்டு ஊழியருடையது அல்ல, மாமியாருடையதும் அல்ல. பிரித்தாலும் மேற்பார்வையில் தாய் குழந்தையைப் பார்க்க விட வேண்டும். 15 நாளுக்கு ஒருமுறை முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தொடர்ந்து 30 நாளைத் தாண்டினால் மாநில மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்தே தங்க 2009 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. மற்ற இடங்களில் முடியாது என்பது வெறும் சாக்கு.

பணம் பற்றியும் ஏமாறாதீர்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை இலவசம். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் அரசு சமுதாய சுகாதார மையம் தொடங்கி மனநலச் சிகிச்சை பெறும் எல்லோருக்கும் இலவசம். "ஸ்டாக் இல்லை" என்று வெளிக்கடைக்குச் சீட்டு எழுதினால் மருத்துவ அலுவலரிடம் புகார் எழுதிக் கொடுங்கள்.

சீட்டைக் காட்டி "பைத்தியம்" என்று விவாகரத்து வாங்கிவிடுவேன் என மிரட்டும் கணவர்கள் உண்டு. மனநோய் இருப்பது மட்டுமே சித்தம் சரியில்லாதவர் என்று ஆக்காது. அதை நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும். மிரட்டல் வந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் அங்கே வழக்கறிஞர் இலவசம்.

அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஆனால் தூக்கமே இல்லாமல், காதில் குரல் கேட்டு, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிற நிலை என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள், கோயில் குளம் என்றும் அலையாதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, மனநலப் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.