பிக்கரெல் எத்தனை அடியில் நிற்கிறது?

மீன்பிடிக்க என் படகில் ஏறி உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணை, இண்டைக்கு எந்த நிறத்துக்குக் கடிக்கும்?" ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணி நேரம் ஓடி, விடியும் முன்னரே பெல்வில் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தவர்கள். கையில் ஒரு பெட்டி. அதில் நாற்பது லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை), பாதி இன்னும் உறை பிரிக்காதவை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மீன் எத்தனை அடியில் நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்?

இந்த மீனை ஒன்ராறியோவில் பிக்கரெல் என்கிறோம், எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், வால்ஐ என்கிறார்கள். அந்தப் பெயரே கண்ணை வைத்து வந்ததுதான். விழித்திரைக்குப் பின்னால், பூனைக்கு இருப்பதைப் போல, ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் இரைமீன் தடுமாறும்போது இதற்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் விடியல், அந்தி, மேகமூட்டம், காற்றில் நீர் சிலுசிலுவென்று அலையடிக்கும் நேரம் எல்லாம் நல்ல நேரம். கண்ணாடி போன்ற தண்ணீரில் உச்சி வெயில் இறங்கினால் மீன் ஆழத்துக்குப் போகும், இல்லாவிட்டால் பாசிக்குள் ஒதுங்கும். ஒன்ராறியோ ஏரியின் குவின்ரி விரிகுடாவில் 1990களில் வரிக்குதிரைச் சிப்பிகள் பெருகித் தண்ணீரை வடிகட்டித் தெளிய வைத்தன. வெளிச்சம் அடிவரை இறங்கியது, பாசி செழித்தது, மீன் நிற்கும் இடம் மாறியது. பழைய ஆட்கள் சொல்லும் "என்ர அப்பா பிடிச்ச இடம்" இன்று வெறும் பாசித் தோட்டமாக இருப்பது இதனால்தான்.

சரி, ஆற்றில் தொடங்குவோம். குவின்ரியில் மே மாதம் முதல் சனிக்கிழமை பருவம் திறக்கும். ட்ரென்ட், மொய்ரா போன்ற ஆறுகளில் முட்டையிட வந்த மீன்களில் பெரிய பெண்மீன்கள் முதலில் திரும்பிவிடும். சின்ன ஆண்மீன்கள் இன்னும் கொஞ்ச நாள் ஆற்றிலேயே சுற்றும். இங்கே ஜிக் ஒன்றே போதும்: ஈயத் தலை வைத்த தூண்டில் முள், அதில் ஒரு மென்பிளாஸ்டிக் வால். எடைதான் விஷயம். நீரோட்டத்துக்கு மேற்பக்கமாகக் குறுக்கே எறிந்தால், ஜிக் அடியைத் தொட்டு, எழும்பி, மறுபடி தொட வேண்டும். தொடவே இல்லையென்றால் எடை போதாது. கல்லில் போய்ப் படுத்துக்கொண்டால் எடை கூடிவிட்டது. கால் அவுன்ஸில் தொடங்கிக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். பெரும்பாலும் ஜிக் கீழே விழும்போதுதான் கடிக்கும், அதுவும் தூண்டில் நூலான தங்கூசியில் "டொக்" என்று ஒரு சின்னத் தட்டுத்தான். விழும்போது தங்கூசியைத் தொய்ய விட்டவருக்கு அது தெரியவே தெரியாது.

டிட்ரொயிட் ஆறு போன்ற பெரிய ஆற்றில் எறிந்து இழுப்பது வீண் வேலை. அங்கே அரை, முக்கால் அவுன்ஸ் ஜிக்கைப் படகுக்கு நேர் கீழே இறக்குவார்கள். சிறிய மின்மோட்டாரால் படகை நீரோட்டத்தின் வேகத்திலேயே வழுக்க விடுவார்கள். தங்கூசி செங்குத்தாக நிற்கும்வரை எல்லாம் சரி. அது சாய்ந்தால் திருத்த வேண்டியது படகை. கையை எவ்வளவு ஆட்டினாலும் பிரயோசனம் இல்லை.

கோடையில் ஏரிக்கு வந்தால் புழு. இரண்டு முள், சில மணிகள், சுழலும் ஒரு தகடு, அதில் மண்புழு. இதை எல் வடிவக் கம்பியில் ஈயம் கோத்த எடைக்குப் பின்னால் கட்டி, மணிக்கு ஒரு மைல் வேகத்தில் இழுப்போம். பத்து அடி ஆழத்துக்கு ஒரு அவுன்ஸ் என்பது கணக்கு. தங்கூசி தண்ணீருக்குள் ஏறக்குறைய 45 பாகையில் இறங்க வேண்டும். ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில், சராசரி ஆழமே 25 அடிக்குள்தான் என்பதால், இந்த ஒரு முறையை வைத்தே கோடை முழுவதையும் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு.

எனக்குப் பிடித்த பருவம் ஒக்ரோபர் கடைசியும் நவம்பரும். ஒன்ராறியோ ஏரியிலிருந்து பெரிய மீன்கள் இரைமீன் கூட்டங்களின் பின்னால் குவின்ரிக்குள் வரும். பிக்ரன், கிளெனோராப் பக்கம் 80, 100 அடித் தண்ணீர். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். பிக்கரெல் அடிமீன் என்று எங்கோ கேட்டிருப்பார்கள், எடையைக் கட்டி அடிவரை இறக்கிவிடுவார்கள். இந்தப் பருவத்தில் மீன் நடுத்தண்ணீரில், 20 முதல் 40 அடிக்குள் தொங்கிக்கொண்டு நிற்கும். ஆழங்காட்டியின் திரையில் மீனைக் காட்டும் வளைவு எந்த அடியில் தெரிகிறதோ, லூர் அதற்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும். பிக்கரெல் மேலே பார்த்து எழும்பிக் கடிக்கும், கீழே இறங்கிக் கடிப்பது அரிது. நீண்டு மெலிந்த ரப்பாலா வகை லூரை, பிளேனர் போர்ட் என்ற மிதக்கும் சிறு பலகையில் மாட்டிப் படகிலிருந்து பக்கவாட்டில் விலக்கி, ஒன்று முதல் ஒன்றரை மைல் வேகத்தில் இழுப்போம். நேர்கோட்டில் ஓடாதீர்கள். வளையும்போது உட்பக்க லூர் மெதுவாகும், வெளிப்பக்க லூர் வேகமாகும். எந்தப் பக்கம் கடிக்கிறதோ அதுதான் அன்றைய வேகம்.

ஆழமும் வேகமும் பிடிபட்ட பிறகு நிறத்துக்கு வரலாம். இதன் கண்ணில் ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் தனித்தனிக் கூம்பு செல்கள் இருக்கின்றன. கலங்கல் தண்ணீரில் ஆரஞ்சும் பளிச்சென்ற மஞ்சள் கலந்த பச்சையும், தெளிந்த தண்ணீரில் வெள்ளியும் வெள்ளையும். இதற்கு மேல் நிறம் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் லூர் விற்பவர்கள்.

இப்போது இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோடை நாள், ஐம்பது அடியில் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு மணி நேரத்தில் இருபது மீனுக்கு மேல். எல்லாவற்றையும் படம் எடுத்து, "பிடித்தோம், விட்டோம்" என்று பெருமையோடு விட்டோம். கரைக்குத் திரும்பும் வழியில் பார்த்தால், வயிறு மேலே தெரிய மிதக்கின்றன. கடற்புறாக்கள் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன.

சல்மனுக்கும் ட்ரவுட்டுக்கும், மீனை மிதக்க வைக்கும் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. மேலே வரும்போது காற்றை ஏப்பம் போல விட்டுவிடும். பிக்கரெலுக்கு அந்தக் குழாய் இல்லை. முப்பத்து மூன்று அடியில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கிருந்து வேகமாக மேலே வந்தால் காற்றுப்பையில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். உள்ளுறுப்புகள் நசுங்கும், வயிறு வாய்வழியே பிதுங்கும். விட்டதும் நீந்திப் போகிற மீன்கூடப் பிறகு செத்து மிதக்கலாம். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் செய்வதில்லை. குத்துகிற இடம் கொஞ்சம் தவறினாலே மீனைக் கொல்வதற்குச் சமம்.

குவின்ரியில் விளையாட்டு மீன்பிடி உரிமத்துக்கு நாளுக்கு நான்கு மீன், அதில் 63 செ.மீ.க்கு மேல் ஒன்றுதான். (விதி வலயத்துக்கு வலயம் மாறும், அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.) இரண்டாவது பெரியதைச் சாகிற நிலையில் இருந்தாலும் தண்ணீரில் விட்டே ஆக வேண்டும். அந்தப் பெரியது அநேகமாக முட்டையிடும் பெண்மீன். பெரிய மீனில் பாதரசமும் கூடுதல். பிள்ளைகளும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களும் எந்த அளவு மீனை எத்தனை தடவை சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசின் மீன் உணவு வழிகாட்டியில் ஏரி வாரியாக இருக்கிறது. ஆக, சமைக்க நடுத்தர மீன், விடுவதானால் ஆழம் குறைந்த தண்ணீர்.

அதனால் என் படகில் ஒரு வழக்கம். முப்பது அடிக்குக் கீழே பிடித்து விடுகிற விளையாட்டு இல்லை. போன நவம்பரில் ஒருவருக்கு முதல் மணி நேரத்திலேயே பெரியது ஒன்று கிடைத்தது, முப்பத்தைந்து அடியில். வைத்துக்கொண்டார். நான் தூண்டில் கம்புகளைச் சுற்றி எடுக்கத் தொடங்கினேன்.

"என்ன அண்ணை, இன்னும் மூண்டு மணித்தியாலம் கிடக்கே?"

"கிடக்குத்தான். இடத்தை மாத்துவம்."

ஹே பே என்ற குடாவுக்குள் போய்ப் பன்னிரண்டு அடியில் ஜிக் போட்டோம். கை விறைத்துப் போயிருந்தது, அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷமும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு, இரண்டுமே சின்னது. கையை நனைத்துப் பிடித்து, முள்ளைக் கழற்றி விட்டார். முகத்தில் தண்ணீர் தெறிக்க வாலை அடித்துக்கொண்டு கீழே போயின.