டோப்பிங்னா போதை இல்லீங்க, ஊக்கமருந்து

ஒரு விளையாட்டு வீரர் டெஸ்ட்ல மாட்டுனா போதும், "போதை மருந்து சோதனையில் சிக்கினார்"னு டிவில கீழ ஓட ஆரம்பிச்சிடுது. கேட்டுக் கேட்டு எரிச்சலாகுது. டோப்பிங்னா ஆட்டத்திறனை ஏத்த தடை பண்ண மருந்தை எடுக்குறது, அதுல பிடிபடுற பொருளுக்குத் தமிழ்ல ஊக்கமருந்துன்னு நல்ல சொல் பல வருஷமா புழக்கத்துல இருக்கு.

டோப்பிங்ங்கிற சொல்லுக்கு மூலம் டச்சுல 'doop', குழம்பு மாதிரி தொட்டுக்குறது. அமெரிக்கா போய் 'டோப்' ஆகி அபின் கரைசலுக்குப் பேராச்சு, அப்புறம் ரேஸ் குதிரைக்குக் குடுக்குற மருந்துக்கும் அதே பேர்.

"அபின்ல இருந்து வந்த சொல்தானே, போதைன்னா என்ன தப்பு"ன்னு கேக்குறாங்க. போதைன்னா நிதானம் தப்புறது. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ்ல கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 செகண்ட்ல ஓடினாரே, நிதானம் தப்பியா ஓடினாரு? அவர் எடுத்த ஸ்டானோசோலால் தசையை ஏத்துற ஸ்டீராய்டு. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் போட்டுக்கிட்ட ஈபிஓங்கிற ஹார்மோன் ரத்த சிவப்பணுவைக் கூட்டுறது. 2003 உலகக்கோப்பைல ஷேன் வார்னைத் திருப்பி அனுப்புனது சிறுநீரைப் பிரிய வைக்கிற மாத்திரைக்காக, அது மத்த மருந்தோட தடயத்தை மறைக்கும்னுதான் தடை. கஞ்சாவும் தடைப் பட்டியல்ல இருக்கு, 2021ல அமெரிக்க ஓட்டக்காரி ஷா'கேரி ரிச்சர்ட்சன் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் போக முடியாமப் போனது அதனாலதான், அவங்களுக்கு வேணும்னா போதைன்னு எழுதுங்க, எல்லாருக்கும் ஏன்?

தனித்தமிழ் ஆளுங்க சிலர், ஊக்கம் நல்ல குணம், வள்ளுவர் ஊக்கமுடைமைன்னு அதிகாரமே வச்சிருக்காரு, அதைப்போய் திருட்டு வேலைக்கு வைக்கலாமான்றாங்க. இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. அதோட எல்லா மருந்தும் உடம்பை ஊக்குறதும் இல்ல, கை நடுங்காம இருக்க துப்பாக்கி சுடுறவங்க எடுக்குற ப்ரொப்ரனலால் இதயத்துடிப்பைக் குறைக்குது, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல வடகொரியாவோட கிம் ஜோங் சு ரெண்டு மெடலை இழந்தது அதுக்குத்தான். ஆனாலும் ஆட்டத்திறனை ஏத்தத்தான எடுக்குறாங்க, அதனால ஊக்கமருந்தே போதும். செயலைச் சொல்லணும்னா 'ஊக்கமருந்து மோசடி'ன்னு சேத்து எழுதுங்க.

ஏன் இவ்ளோ கோவம்னா, விளையாட்டுல ஊக்கமருந்தை அனுமதிக்கலாமான்னு விவாதம் வரும்போது போதைங்கிற சொல் எல்லாத்தையும் குழப்பிடுது. குடிப்பழக்கம் மாதிரி அவங்கவங்க சொந்த விஷயம்னு ஒருத்தர் பேசுறாரு, ஒழுக்கக்கேடுன்னு இன்னொருத்தர் பேசுறாரு. ஆனா அன்னைக்குக் கிழக்கு ஜெர்மனில அரசாங்கமே சின்ன வயசு விளையாட்டுப் பொண்ணுங்களுக்கு வைட்டமின்னு சொல்லி நீல மாத்திரை குடுத்துச்சு, ஆண் ஹார்மோன் வகை ஸ்டீராய்டு அது, குரல் மாறிச்சு, உடம்பு கெட்டுச்சு. அனுமதிச்சா எடுக்காதவங்களும் எடுத்தே ஆகணும், கோச் குடுக்குறதை வேணாம்னு சொல்ல 15 வயசுப் பிள்ளையால முடியுமா? நான் அனுமதிக்கவே கூடாதுன்ற கட்சி. எதிர்க்கட்சிக்காரங்களும் பேசட்டும், ஆனா ஸ்டீராய்டைப் பத்தி ஸ்டீராய்டுன்னு பேசட்டும்.

செய்தி மொழிபெயர்க்கிறவங்க 'ட்ரக்'னு பாத்த உடனே போதைன்னு போட்டுடுறாங்க. மெடிக்கல் ஷாப்ல விக்கிற பாரசிட்டமாலும் இங்கிலீஷ்ல ட்ரக்தான்.