குத்தகை: ஆட்சியில் ‘பணமாக்கல்’, எதிர்க்கட்சியில் ‘தாரைவார்ப்பு’

எங்கள் பக்கத்தில் கண்மாய் மீன்பாசி ஏலம் நடக்கிற அன்று ஊராட்சி அலுவலக வாசலில் கூட்டம் கூடிவிடும். வந்தவர்கள் ஏலத்தொகையை மட்டும் பேசிவிட்டுப் போவதில்லை. எத்தனை பசலிக்கு, அதாவது எத்தனை வருவாய் ஆண்டுக்கு, விடுகிறார்கள்? இடையில் தண்ணீர் வற்றிவிட்டால் தொகையில் கழிவு உண்டா? மீன் போய்விடும் என்று குத்தகைக்காரர் மடையை அடைத்து வைத்துக்கொண்டால் கீழே காய்கிற வயலுக்கு யார் பதில் சொல்வது? கரை உடைந்தால் மண் போடுவது யார்? பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவர்கள்கூட இதையெல்லாம் வரிசையாகக் கேட்பார்கள். ‘குத்தகை’ என்ற சொல் காதில் விழுந்ததுமே இந்தக் கேள்விகள் தானாக வந்துவிடுகின்றன.

இதே மக்களிடம் ‘தேசியப் பணமாக்கல் திட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கேள்வியும் வராது. சொல்லே புரியாதபோது எதைக் கேட்பது?

2021 ஆகஸ்ட் 23 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்தத் திட்டத்தை அறிவித்தார். நெடுஞ்சாலைகள், ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள், மின்கம்பித் தடங்கள், கிடங்குகள் என அரசிடம் உள்ள சொத்துகளைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியாரிடம் விட்டு, 4 ஆண்டுகளில் 6 லட்சம் கோடி ரூபாய் திரட்டுவது திட்டம். 26,700 கிலோமீட்டர் சாலை, 400 ரயில் நிலையங்கள், 25 விமான நிலையங்கள் பட்டியலில் இருந்தன. சென்னை, மதுரை, கோவை, திருச்சி விமான நிலையங்களும் நீலகிரி மலை ரயிலும் அதில் அடக்கம். உடைமை அரசிடமே இருக்கும், காலம் முடிந்ததும் சொத்து திரும்பி வந்துவிடும் என்றார் அமைச்சர். அவர் சொன்ன இலக்கணத்துக்குத் தமிழில் பல நூறு ஆண்டுகளாகவே ஒரு பெயர் இருக்கிறது: குத்தகை. அந்தப் பெயரை ஏன் யாரும் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இறக்குமதியான சொல்லைப் பார்த்துவிடுவோம். ‘மானிடைஸ்’ என்ற ஆங்கில வினையின் வேர் லத்தீனின் ‘மொனேட்டா’. பழைய ரோமில் கேப்பிட்டோல் குன்றின் மேல் ஜூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயில் இருந்தது. ரோமானியரின் நாணயச்சாலை அதை ஒட்டியே இயங்கியது. தெய்வத்தின் பட்டப்பெயர் நாணயச்சாலைக்கு ஆகி, பிறகு நாணயத்துக்கே ஆனது. ஆங்கிலத்தின் ‘மணி’, ‘மின்ட்’ இரண்டும் அங்கிருந்து வந்தவைதான். ‘மொனேட்டா’ என்றால் எச்சரிப்பவள் என்று ரோமானியர்களே விளக்கம் சொல்லி வந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இந்த வினைக்கு, உலோகத்தை நாணயமாக அடித்துப் புழக்கத்தில் விடுவது என்றுதான் பொருள். அரசின் கடனை அடைக்க மைய வங்கி பணம் அச்சடிப்பதற்கு அது பின்னர் ஆகிவந்தது. அதற்கும் பின்னால் யூடியூப் சேனலில் வருமானம் பார்ப்பதற்கு. பொதுச்சொத்தைக் குத்தகைக்கு விடுவது என்ற பொருள் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. 2016-இல் ‘டீமானிடைசேஷன்’ வந்தபோது பணமதிப்பிழப்பு என்று எழுதினோம். 2021-இல் ‘மானிடைசேஷன்’ வந்ததும், அன்று எடுத்த பணத்தை இன்று திருப்பித் தருகிறார்களோ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எதிர்ச்சொல் போலத் தெரிவதால் வந்த மயக்கம் அது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, ‘பணமாக்கல்’ என்று தமிழாக்கினோமே, அது பொருந்துகிறதா? சொல்லுக்குச் சொல் பார்த்தால் துல்லியம்தான். ஆனால் தமிழில் அதன் பேச்சு வடிவத்தைக் கேட்டுப் பாருங்கள். “அப்பா வைத்துவிட்டுப் போன நிலத்தையெல்லாம் காசாக்கிவிட்டான்” என்றால் என்ன பொருள்? விற்றுவிட்டான் என்று பொருள். நகையைப் பணமாக்கினாள் என்றால் நகை இப்போது அவளிடம் இல்லை. தமிழில் ஒன்றைப் பணமாக்கினால் அந்தப் பொருள் போய்விடுகிறது, பணம் மட்டும் மிஞ்சுகிறது. ஆக, நாங்கள் விற்கவில்லை என்று சத்தியம் செய்கிற அரசு, தன் திட்டத்துக்கு விற்பனை என்றே பொருள்படும் பெயரைச் சூட்டிவிட்டது. நாட்டை விற்கிறார்கள் என்று எதிர்க்கட்சி கூச்சல் போட அந்தப் பெயரே வழிவிட்டது.

இப்போது குத்தகைக்கு வருவோம். இது தென்னாட்டு மொழிகளுக்குப் பொதுவான சொல். கன்னடத்தில் ‘குத்திகெ’ என்றால் ஒப்பந்தம், ஒப்பந்தக்காரர் ‘குத்திகெதார’. தெலுங்கில் ‘குத்த’ என்றால் குத்தகை, அதை வைத்துச் செய்த ‘குத்தாதிபத்யம்’ என்ற சொல்லுக்கு ஏகபோகம் என்று பொருள். மலையாளத்தில் ‘குத்தக’ என்றாலே ஏகபோகம்தான். ‘குத்தக முதலாளி’ என்று அங்கே இடதுசாரிகள் மேடையில் முழங்குவது இதைத்தான். நிலத்தைக் குறித்த காலத்துக்கு விடுவதற்கு அவர்கள் ‘பாட்டம்’ என்பார்கள். ஒரே சொல் ஒரு மொழியில் ஒப்பந்தம், இன்னொன்றில் ஏகபோகம். தமிழில் இரண்டும் இருக்கின்றன. “நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன்” என்கிறோம், “தமிழ்ப்பற்று என்ன உங்கள் குத்தகையா?” என்றும் கேட்கிறோம். இரண்டாவது வாக்கியத்தில் பிறருக்கு இடமில்லாமல் ஒருவரே பிடித்துக்கொள்வது என்ற பொருள் வந்துவிடுகிறது.

இந்த இரட்டைப் பொருளை நான் பெரிய கொடையாக நினைக்கிறேன். ஓர் ஊருக்கு ஒரே விமான நிலையம், ஒரு வழிக்கு ஒரே நெடுஞ்சாலை என்று இருக்கும்போது, அதைக் குத்தகைக்கு எடுப்பவருக்கு ஏகபோகமும் சேர்ந்து கிடைக்கிறது. கட்டணம் கூடினால் நாம் வேறு கடைக்குப் போக முடியாது. குத்தகை என்ற சொல் அந்த ஆபத்தையும் உள்ளே வைத்திருக்கிறது. பணமாக்கலில் அது இல்லை.

வினையையும் கவனியுங்கள். குத்தகைக்கு ‘விடுகிறோம்’. ஆங்கில ‘லீஸ்’ என்பதும் விடுதல், தளர்த்துதல் என்ற பொருள் கொண்ட பழைய பிரெஞ்சு, லத்தீன் சொற்களிலிருந்து வந்ததுதான். மாட்டை மேய்ச்சலுக்கு விட்டவன் பொழுது சாய்ந்ததும் அது திரும்பியதா என்று பார்ப்பான். விட்டது திரும்ப வேண்டும், அதுதான் கணக்கு.

தமிழ் உழவர்கள் இதற்குள்ளும் நுணுக்கம் வைத்திருக்கிறார்கள். விளைச்சலில் இத்தனை பங்கு என்று பிரித்துக்கொண்டால் அது ‘வாரம்’. விளைந்தாலும் பொய்த்தாலும் இத்தனை மூட்டை அளக்க வேண்டும் என்றால் அது ‘குத்தகை’. மொத்தத் தொகையை முன்னால் வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பித் தரும்வரை வீட்டையோ நிலத்தையோ அனுபவிக்க விட்டால் ‘ஒத்தி’ அல்லது ‘போக்கியம்’. வாரத்தில் நட்டம் இருவருக்கும் உண்டு. குத்தகையில் அது எடுத்தவர் தலையில் விழும்.

இந்த அளவுகோலை அரசு ஒப்பந்தங்களின் மேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும். 2006-இல் டெல்லி விமான நிலையத்தை ஜிஎம்ஆர் தலைமையிலான கூட்டமைப்பு எடுத்தது. வருவாயில் 45.99 சதவீதம் அரசின் விமான நிலைய ஆணையத்துக்கு என்பது பேச்சு. மும்பையை எடுத்த ஜிவிகே கூட்டமைப்பு 38.7 சதவீதம். நம் கணக்கில் இரண்டும் வாரம். 2018-இல் ஆந்திரம், குஜராத் பகுதிகளில் 9 நெடுஞ்சாலைப் பகுதிகளின் சுங்க வசூலை 30 ஆண்டுகளுக்கு மெக்குவாரி நிறுவனம் 9,681 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இது மொத்தமும் முன்னால் கட்டும் குத்தகை. போக்கியத்தைப் போல முன்பணம் உண்டு, ஆனால் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அந்த 30 ஆண்டு வசூலில் அது கழிந்துபோகும். இன்றைய அரசு பணத்தை வாங்கிச் செலவழிக்கும், நாளைய அரசுக்குச் சுங்கச்சாவடி வருமானம் கிடையாது. முன்பணக் குத்தகையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். இந்தச் சொத்துகளிலிருந்து இப்போது ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது என்று 2021-இல் ப. சிதம்பரம் கேட்டது சரியான கேள்வி. ஆனால் அவருடைய கட்சி ஆட்சியில் இருந்தபோதும் இந்தக் கேள்வி இதே சத்தத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

சொல்லை மாற்றிப் போடும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. டெல்லி, மும்பை விமான நிலையங்களைத் தனியாருடன் சேர்ந்து நடத்தும் முடிவு 2003-இல் வாஜ்பாய் அரசு எடுத்தது. நிறைவேற்றியது 2006-இல் மன்மோகன் சிங் அரசு. விமான நிலைய ஊழியர்கள் அப்போது வேலைநிறுத்தம் செய்தார்கள். புது டெல்லி ரயில் நிலையத்தைத் தனியாரிடம் விடுவதற்கான அழைப்பு 2008-இல் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியிலேயே வந்தது. 2020-இல் மும்பை – புணே விரைவுச்சாலையின் சுங்க வசூல் சுமார் 8,262 கோடி ரூபாய்க்கு ஐஆர்பி நிறுவனத்துக்குப் போனபோது மகாராஷ்டிரக் கூட்டணி அரசில் காங்கிரஸும் இருந்தது. மறு ஆண்டே, 70 ஆண்டுகளில் கட்டியதையெல்லாம் மோடி அரசு விற்கிறது என்றார் ராகுல் காந்தி. நிர்மலா சீதாராமன் உடனே அந்தச் சாலையையும் அந்த ரயில் நிலையத்தையும் எடுத்துக் காட்டினார். நீயும் செய்தாய் என்பது பதில் ஆகாது. ஆண்டு எத்தனை, தொகை எவ்வளவு, பழுது யார் பொறுப்பு என்பதை இருவருமே விளக்காமல் முடித்துக்கொண்டார்கள்.

2024-இல் கர்நாடகத்தில் காட்சி தலைகீழானது. வருவாயைப் பெருக்க காங்கிரஸ் அரசு ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது. அரசு நிலங்களைப் பணமாக்குவது பற்றிப் பேச்சு எழுந்தது. இப்போது எதிர்த்தது பாஜக. டெல்லியில் ஆளும்போது பணமாக்கல், பெங்களூரில் ஆளாதபோது பொதுச்சொத்துச் சூறையாடல். காங்கிரஸுக்கு இதுவே எதிர்த்திசையில். நாற்காலி மாறினால் சொல்லும் மாறிவிடுகிறது.

எதிர்க்கட்சி மேடையில் இதற்கென்றே ஒரு சொல் தயாராக இருக்கும்: தாரைவார்ப்பு. அந்தச் சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். தாரை என்றால் நீரொழுக்கு. தானம் கொடுப்பவர், வாங்குபவர் கையில் நீரை வார்த்துக் கொடுப்பது பழைய வழக்கம். இன்றும் திருமணத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார்கள். விலை வாங்காமல், திரும்பக் கேட்கும் உரிமையும் இல்லாமல் கொடுப்பதுதான் தாரைவார்த்தல். விலையும் காலமும் எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது. அடிமாட்டு விலைக்கு விட்டிருந்தால் அந்த விலையைச் சொல்லிச் சண்டை போடலாம். தாரைவார்ப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், ஆட்சிக்கு வந்தபின் அதே ஒப்பந்தத்தின் விதிகளைத் திருத்தும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்ளலாம்.

விதிகளைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே கதை உண்டு. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் அரசு நிலம் 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் இருந்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். சென்னையின் நடுவில், ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்கு 4 ரூபாய்கூட வரவில்லை. 1970 முதல் வாடகையை உயர்த்த அரசு முனைந்தது, வழக்கு நீண்டது, பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கு வந்தது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அரசு நிலத்தை எடுத்தது. எத்தனை கட்சிகள் இதற்கிடையே ஆண்டுவிட்டுப் போயின!

எல்லாக் குத்தகையும் கேடு என்று நான் சொல்லவில்லை. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடந்த முல்லைப் பெரியாறு ஒப்பந்தமும் குத்தகைதான். 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகளுக்கு. 1970-இல் அது 30 ரூபாய் ஆனது. தேனியும் மதுரையும் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. கேரளத்தில் அதே ஒப்பந்தத்தைப் பற்றி உள்ள கோபத்தையும் நாம் அறிவோம். குத்தகை யாருக்கு நல்லது என்பது காலத்தையும் தொகையையும் பொறுத்தது. அவை தாளில் இருக்கின்றன, படிக்கலாம்.

அப்புறம், எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யூடியூபுக்குப் பணமாக்கல் இருக்கட்டும். அரசு சொத்து என்றால் ‘பொதுச்சொத்துக் குத்தகை’ என்றே எழுதுங்கள். தொகை மொத்தமும் முன்னால் வந்தால் ‘முன்பணக் குத்தகை’, சாலையானால் ‘சுங்க வசூல் குத்தகை’, வருவாயில் பங்கு என்றால் ‘வாரம்’. எடுப்பவர் குத்தகைதாரர், தாள் குத்தகை ஒப்பந்தம். தலைப்பிலேயே ஆண்டையும் தொகையையும் போடுங்கள்: ‘9 சாலைகள் 30 ஆண்டு முன்பணக் குத்தகை, 9,681 கோடி ரூபாய்’. விற்பனை என்ற சொல்லை உண்மையான விற்பனைக்கு வைத்துக்கொள்ளலாம்.

‘லீஸ்’ என்று தமிழில் எழுதினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சென்னையில் “லீசுக்கு வீடு” என்றால் 5 லட்சமோ 10 லட்சமோ கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது பணத்தை முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. அது போக்கியம். நெடுஞ்சாலை ‘லீஸ்’ என்று படிக்கிற சென்னைவாசி, 30 ஆண்டு கழித்து அரசு அந்த 9,681 கோடியைத் திருப்பித் தர வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.