ஏறுன மேடு இறங்கும்போது ஏன் திரும்பக் கெடைக்கல?

லக்கேஜ் கட்டிக்கிட்டு சைக்கிள்ல டூர் போறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, ஒரே ஒரு பெரிய மலையை விட வரிசையா மேடும் பள்ளமுமா வர்ற ஊருதான் ஆளைப் பிழிஞ்சு எடுக்கும்னு சொல்வாங்க. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்தோட தென்மேற்குப் பக்கம் அப்படி ஒரு எடம், டிரிஃப்ட்லெஸ் ஏரியான்னு சொல்றாங்க. பனியுகத்துல சுத்துப்பட்டு நிலத்தையெல்லாம் பனிப்பாளம் தேய்ச்சுட்டுப் போக, இது மட்டும் அதுல மாட்டாம தப்பிச்சிருச்சு, ஓடைங்க பாட்டுக்கு பாறையை அறுத்துக்கிட்டே வந்ததுல இன்னைக்கு பள்ளத்தாக்குக்கும் மேட்டு உச்சிக்கும் பல எடத்துல நூறு மீட்டருக்கு மேல வித்தியாசம்.

மாடு வளர்க்க இது தோதான நிலம். முன்னாடி சரிவுலயே கோதுமை போட்டு உழுததுல மழைக்கு மண்ணு அடிச்சுக்கிட்டுப் போச்சு, 1933ல கூன் வேலிங்கிற எடத்துலதான் அமெரிக்க அரசு முதல் மண் பாதுகாப்புத் திட்டத்தை செஞ்சு காட்டுச்சு. சரிவுக்குக் குறுக்கால ஒரு பட்டை மக்காச்சோளம், ஒரு பட்டை தீவனப் புல்லு, இப்பவும் அப்படித்தான். சைக்கிள்காரனுக்கு இதுல ஒரு லாபம் இருக்கு: எந்தப் பண்ணையா இருந்தாலும் பால் லாரி வந்து போயாகணும்ல, அதனால ஆளே இல்லாத காட்டு ரோட்டுல கூட தார் போட்டிருப்பாங்க.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்க, சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்ந்து 100 கிலோன்னு வைங்க. 8 சதவீத ஏத்தம், 1 கிலோமீட்டர் நீளம், அதாவது 80 மீட்டர் உயரம். மணிக்கு 6 கிலோமீட்டர்ல ஏறினாலே கிட்டத்தட்ட 140 வாட் வேணும், பத்து நிமிஷம் ஆகும். அதே 140 வாட்டுக்கு சமதரையில ஏறக்குறைய 24ல போகலாம்!

அந்தப் பக்கம் பிரேக் தொடாம இறங்கினா வேகம் ஏறி ஏறி 55 பக்கம் வந்து நின்னுடும், ஏன்னா வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும். புவியீர்ப்பு அப்ப ஆயிரம் வாட்டுக்கு மேல தள்ளுது, அத்தனையையும் காத்தே தின்னுடுது. நீங்க பத்து நிமிஷம் மூச்சு வாங்கி சேர்த்து வெச்சது ஒரு நிமிஷத்துல காலி. நேரத்தைப் பாருங்க, 6க்கும் 55க்கும் சராசரி 30ன்னு மனசு சொல்லும், ஆனா ரெண்டு கிலோமீட்டருக்கு பதினோரு நிமிஷம், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் தான். மெதுவாப் போற பக்கம்தான் நேரத்தை முழுங்குது.

"அந்த வேகத்தோடயே அடுத்த மேட்டுல ஏறிடலாமே"ன்னு தோணும். 55 கிலோமீட்டர் வேகத்துல இருக்குற மொத்த சக்தியும், உராய்வே இல்லைன்னு வெச்சாக்கூட, உங்களை 12 மீட்டர்தான் தூக்கும். பத்து மீட்டர் மேடுன்னா சொய்ங்னு தாண்டிடலாம், 80 மீட்டருக்கு பாக்கி 68ஐ காலுதான் பாத்துக்கணும். அதுவும் இங்க எறக்கம் முடியுற எடத்துல வளைவு, ஜல்லி, சாணி, எதிர்ல டிராக்டர்னு ஏதாவது இருந்து பிரேக் பிடிக்க வெச்சுடும், அந்த 12ம் சூடாப் போயிடும்.

அதனாலதான் டூரிங் சைக்கிள்ல கியர் அவ்வளவு சின்னதா இருக்கு. முன்னாடி 26 பல்லு, பின்னாடி 34 பல்லு இருந்தா ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுத்து சுத்தினா, 1.6 மீட்டர்தான் நகரும், நிமிஷத்துக்கு அறுபது தடவை மிதிச்சா அந்த 6 கிலோமீட்டர் வேகம் வந்துடும். கியர் இல்லாத சாதா சைக்கிள்ல ஒரு மிதிக்கு 5 மீட்டர் போகும், அப்ப நிமிஷத்துக்கு இருபது மிதி, ஒவ்வொரு மிதியும் மூணு மடங்கு கனம். வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான், முட்டிக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

ரயில்காரங்க இந்த மேட்டோட மல்லுக்கட்டவே இல்ல, குடைஞ்சுட்டாங்க. எல்ராய் ஸ்பார்ட்டா பாதை பழைய ரயில் தடம், 1967ல சைக்கிளுக்குத் திறந்தது, ஏத்தம் 3 சதவீதத்தைத் தாண்டாது. மூணு சுரங்கம், பெரிசு ஒரு கிலோமீட்டருக்கும் மேல, உள்ள கும்மிருட்டு, கூரையில இருந்து தண்ணி சொட்டும், டார்ச் அடிச்சுக்கிட்டு சைக்கிளைத் தள்ளிட்டுத்தான் போகணும்.

சாப்பாடு? நம்ம ஒடம்பு தின்னதுல கால்வாசி கூட மிதிக்குத் தர்றதில்ல, மீதி வேர்வையும் சூடும்தான். 100 கிலோவை 100 மீட்டர் தூக்க சுமார் 100 கலோரி, ஒரு நாளைக்கு ஆயிரம் மீட்டர் ஏறினா ஏத்தத்துக்கு மட்டும் ஆயிரம். வழியில சீஸ் ஃபேக்டரியில புதுசா போட்ட சீஸ் கர்ட் (நம்ம தயிர் இல்ல, அழுத்திக் கட்டியாக்காத சீஸ் துண்டு) கெடைக்கும், பல்லுல கீச் கீச்னு சத்தம் போடும், 100 கிராம்ல 400 கலோரி பக்கம் வரும். ஆனா பெரும்பாலும் கொழுப்பு, செரிக்க நேரமாகும், அதனால மேட்டுக்கு முன்னாடி வாழைப்பழமோ பிரெட்டோ தின்னுட்டு கர்டை கூடாரம் போட்ட பிறகு வெச்சுக்கிறது உத்தமம்.